மொட்டை மாடியில் இரண்டு கார்டுகள்

மாடிப்படித் திருப்பத்தில் அந்த விற்பனைக்காரர் தலையைக் குனிந்தார். எனக்கு முதல் சந்தேகம் அப்போதுதான் வந்தது.

எங்கள் பட்டறை திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒரு சந்தில் இருந்தது. கீழே சாலிடரிங் மேசைகள், முதல் தளத்தில் முதலாளி அறையும் கணினிகளும், அதற்கு மேல் மொட்டை மாடி. மாடிக்கு ஏறும் படி திரும்புகிற இடத்தில் ஒரு கான்கிரீட் உத்திரம் தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் அத்தனை பேரும் அதில் இடித்துக்கொள்வார்கள். முதலாளியின் சம்பந்தி இடித்துக்கொண்டிருக்கிறார், கடன் விஷயமாக வந்த பாங்க் மேனேஜர் இடித்துக்கொண்டிருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் நெற்றியும் புடைத்தது.

இந்த மனிதரோ ஒரு கையில் பெட்டி, மறு கையில் போன், பேச்சை நிறுத்தாமலே அழகாகக் குனிந்து ஏறிப் போனார். "மெட்ராஸ்ல இந்தப் பக்கமே இதுதான் முதல் தடவை மேடம், வழி கேட்டுக் கேட்டு வந்தேன்" என்று கீழே சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

அவருக்குப் பின்னால் ஏறிய நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் யார் இவரை முன்பே கூட்டி வந்தார்கள் என்ற கேள்வி மனதில் உட்கார்ந்துவிட்டது. முதலாளி, தன் மகளின் கல்யாண வேலையாக, அந்த மாதத்தில் பாதி நாள் தூத்துக்குடியில் இருந்தார். மாடிச் சாவி வேறு ஒருவரிடம்தான் இருந்தது.

அந்த ஒருவர் என் கூட வேலை பார்த்தவர். ராயபுரத்துக்காரர். என்னைவிட வயதில் சிறியவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார், நான் தம்பி என்பேன். சர்க்யூட் போடுவது அவர், அதற்குள் ஓடும் புரோகிராம் எழுதுவது நான். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் பட்டறையின் சரக்கு. எத்தனையோ வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். இருந்தும் அந்த உத்திரத்தடியில் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் செய்தது சோலார் சார்ஜ் கன்ட்ரோலர். மாடியில் இருக்கும் பலகைக்கும் கீழே இருக்கும் பேட்டரிக்கும் நடுவே உட்காரும் பெட்டி அது. காசிமேட்டுப் படகுகளுக்கும், ஐஸ் கடைகளுக்கும், எண்ணூர் பக்கம் லாரி ஷெட்டுகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்குள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கார்டு. அதன் வேலை ஒன்றே ஒன்று. சோலார் பலகை எல்லா வோல்டேஜிலும் ஒரே அளவு பவர் தராது. வோல்டேஜைக் கீழே பிடித்தால் கரண்ட் வரும், பவர் தேறாது. மேலே தூக்கினால் கரண்ட் செத்துவிடும். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பவர் உச்சியில் இருக்கும். அந்த உச்சியும் நின்ற இடத்தில் நிற்காது. வெயில் ஏறினால் நகரும், பலகை சூடானால் நகரும், கடல்காற்று வந்து பலகையைக் குளிர வைத்தால் மறுபடி நகரும். நகர்கிற உச்சியை விடாமல் துரத்திப் பிடிப்பதுதான் கார்டின் பிழைப்பு.

எப்படித் துரத்துவது என்பதில்தான் தம்பிக்கும் எனக்கும் ஓயாத சண்டை. அவருக்குப் பிடித்தது ஆட்டிப் பார்க்கிற முறை. வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டிப் பார், பவர் ஏறினால் அதே பக்கம் இன்னோர் அடி வை, இறங்கினால் திரும்பு. எளிமையானது, எந்தச் சின்ன சிப்பிலும் அடங்கிவிடும். ஆனால் உச்சிக்குப் போன பிறகும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். மேகம் விலகும்போது இன்னும் மோசம். வெயில் ஏறுவதால் பவர் ஏறுகிறது என்பது அதற்குத் தெரியாது. தான் வைத்த அடியால்தான் ஏறியது என்று நினைத்துத் தப்பான பக்கம் நடந்துகொண்டே போகும்.

எனக்குப் பிடித்தது சரிவு பார்க்கிற முறை. வோல்டேஜ் மாறும்போது கரண்ட் எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போட்டு, நிற்கிற இடம் ஏற்றமா இறக்கமா சமதளமா என்று தெரிந்துகொள்வது. சமதளம் என்றால் அங்கேயே நின்றுவிடலாம். மேகம் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது.

"இன்னாக்கா நீ, நாலு வரில முடியற மேட்டர இம்மா நீளத்துக்கு எய்திக்கினு கீற" என்பார் தம்பி. "மேகம் இன்னா நம்ம மாடிலயே குடித்தனம் பண்ணப் போவுதா?"

கடைசியில் கம்பெனி கார்டில் என் முறைதான் ஓடியது. அவர் மனத்தில் அந்தக் கசப்பு எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. விற்பனைக்காரர் வந்த பிறகு அதையும் யோசித்தேன்.

விற்பனைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டியதும் ஒரு கார்டுதான். வெளியில் ரெடிமேடாகச் செய்வது, எங்கள் கார்டைவிட நல்லது, செயற்கை நுண்ணறிவில் உச்சியைக் கண்டுபிடிக்கும் என்றார். பளபளவென்று ஒரு காட்சித் திரை வேறு.

முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எதிலும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். சாலிடர் கம்பியின் தடிமன்வரை அவருக்கு அபிப்பிராயம் உண்டு. அன்றைக்கு மட்டும், "ரெண்டு கார்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டி ஓட்டிப் பாருங்க. எது தேவலன்னு நீங்களே சொல்லுங்க. நான் இதுல தலையிட மாட்டேன், கேட்டீங்களா" என்றார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியில் ஒரே மாதிரி இரண்டு பலகை, ஒரே மாதிரி இரண்டு பேட்டரி. ஒன்றில் எங்கள் கார்டு, மற்றதில் வந்த கார்டு. வந்த கார்டின் திரை, தான் எவ்வளவு பவர் எடுக்கிறேன் என்று தானே பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்புவதற்கு நான் தயாராக இல்லை. என் சொந்த மீட்டர்களை இரண்டிலும் மாட்டினேன். திரை பொய் சொல்லும் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அந்தக் கார்டு நிஜமாகவே முந்திக்கொண்டிருந்தது. காலையில் இரண்டும் சமமாக ஓடும், மத்தியானத்துக்கு மேல் எங்களுடையது பின்தங்கிவிடும்.

மத்தியானம் வெயிலில் போய் நின்று பார்த்தபோது காரணம் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் மெதுவாக நகர்ந்து எங்கள் பலகையின் ஓரத்தில் ஏறியது. மற்ற பலகையைத் தொடவே இல்லை.

"இதை யாரு இந்த இடத்துல மாட்டுனது?" என்று கேட்டேன்.

"நான்தான். இன்னாத்துக்கு?" என்றார் தம்பி. "எது எங்கன்னு மொதலாளி சொன்னாரு, மாட்டுனேன்."

முதலாளி தலையிட மாட்டேன் என்றவர் ஆயிற்றே. பொய் சொல்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். நானே ஸ்பேனரை எடுத்துப் பலகைகளின் ஒயரை மாற்றி இணைத்தேன். இப்போது நிழல் விழுகிற பலகை அவர்கள் கார்டுக்கு. அன்றிலிருந்து மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்து படிகிற கரித்தூளை யாராவது ஒரு பலகையில் மட்டும் துடைத்துவிடுவார்களோ என்று, தினமும் காலையில் இரண்டையும் நானே ஒரே துணியால் துடைத்தேன். துணி அடுப்படிக் கந்தல் மாதிரி கறுத்துப் போகும். என் கணினியின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். சாவி கேட்டு வந்த தம்பியிடம், "மேல வேலை இருக்கா? என்ன வேலை?" என்று கேட்டேன். அவர் திரும்பி இறங்கிப் போனார்.

அந்த வாரத்திலேயே மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் தம்பியும் விற்பனைக்காரரும் நெருங்கி நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்காமல் அப்படியே அடுத்த நிறுத்தம்வரை போய்விட்டுத் திரும்ப நடந்து வந்தேன். மறுநாள் நான் அறைக்குள் நுழைந்ததும் தம்பி போனை அவசரமாக வைத்தார். இனி எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சோதனை மட்டும் என் விருப்பப்படி நடக்கவில்லை. இடம் மாற்றிய பிறகு அவர்கள் கார்டு விழுந்துவிடும் என்று இருந்தேன். தெளிந்த வெயிலில் இரண்டும் சமம். மேகம் ஓடிய நாட்களிலும் கிட்டத்தட்ட ஒரே நடை, சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே ஏறின. அது அப்போதே என்னை உறுத்தியிருக்க வேண்டும். வேறு வேறு முறையில் துரத்தும் இரண்டு கார்டுகள் மேகத்தில் ஒன்றுபோல் நடக்காது. ஆனால் என் கவனமெல்லாம் நிழலில் இருந்தது. நிழல் விழுந்த பலகையிலும் அந்தக் கார்டு, முன்பு அதே இடத்தில் எங்கள் கார்டு எடுத்ததைவிட அதிகமாகவே எடுத்தது.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. பலகையின் ஒரு பகுதியில் நிழல் விழுந்தால் உச்சி ஒன்றாக இருக்காது. ஒரு சின்ன உச்சி, ஒரு பெரிய உச்சி என்று இரண்டாகப் பிரியும். என் சரிவுக் கணக்கு பக்கத்தில் இருக்கிற சின்ன உச்சியில் ஏறி, சமதளம் வந்துவிட்டது என்று திருப்தியாக உட்கார்ந்துவிடும். தம்பியின் ஆட்டிப் பார்க்கிற முறைக்கும் அதே கதிதான். வந்த கார்டு வேறு ஏதோ செய்கிறது. அது என்ன என்று பார்க்க ஆஸிலாஸ்கோப்பை, அதாவது வோல்டேஜின் நடையைக் கோடாக வரைந்து காட்டும் கருவியை, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பழைய கதவின் நிழலில் வைத்தேன்.

திரையில் தெரிந்தது. இடைவெளி விட்டு இடைவெளி விட்டு அந்தக் கார்டு கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிவரை ஒருமுறை வோல்டேஜை ஓட்டிப் பார்த்தது. எந்த உச்சி பெரியதோ அங்கே போய் இறங்கியது. ஓட்டிப் பார்க்கிற நேரத்துக்குக் கொஞ்சம் பவர் நஷ்டம், ஆனால் நிழலில் அதற்குமேல் லாபம். கெட்டிக்காரத்தனம்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

பிறகு, இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் அது எப்படி நடக்கிறது என்று கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடி அடியாக ஏறியது, சமதளத்தில் நின்றது. சரிவு பார்க்கிற முறை. சில அடிகளுக்கு ஒருமுறை காரணமில்லாமல் ஒரு சின்ன நிறுத்தம். மறுபடி நடை. மறுபடி அதே இடத்தில் நிறுத்தம்.

அந்த நிறுத்தத்தை நான் எழுதியிருந்தேன். எங்கள் கார்டில் கரண்டை அளக்கிற சென்சார் மாடி வெக்கையில் மெல்ல மெல்ல ஏறுமாறாகக் காட்டத் தொடங்கும். அதைச் சரிபார்த்துக்கொள்வதற்காக நடையை ஒரு கணம் நிறுத்தும்படி வைத்திருந்தேன். வந்த கார்டைக் கழற்றிப் பார்த்தேன். அதில் அந்தச் சென்சாரே இல்லை, வேறு வகையில் அளந்தார்கள். அவர்களுக்கு அந்த நிறுத்தம் தேவையே இல்லை. தேவையில்லாத ஒன்றை ஏன் வைத்திருக்கிறார்கள்? ஏனென்றால் அது எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. என் புரோகிராமை அப்படியே எடுத்து, மேலே அந்த ஓட்டத்தை மட்டும் சேர்த்திருந்தார்கள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நான் கதவைப் பூட்டாமல் விட்டிருந்தேன். தம்பி வந்து என் தோளுக்கு மேல் திரையைப் பார்த்தார்.

"எவ்ளோ நாளாக் குடுத்துட்டிருக்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அத்த நான் உன்ன கேக்கணும்" என்றார் அவர். "நானும் பாத்துட்டேன்கா. சாவிய நீ எத்துக்கறதுக்கு முன்னாடி, லீவுல போன அன்னிக்கே பாத்தேன். அந்த நிறுத்தம் உன் கையெய்த்து மாதிரி. அத்த எய்தினவ நீ. பாஸ்வேர்ட மாத்தினவ நீ. சாவிய இடுப்புல சொருவிக்கினு சுத்தினவ நீ. நான் இன்னான்னு நெனிக்கறது?"

"டீக்கடையில அந்த ஆள்கிட்ட நீ என்ன பேசிட்டிருந்தே?"

"கார்டு எங்க ரெடியாவுதுன்னு கேட்டுகினு இருந்தேன். அவன் வாயத் தெறக்கல. போன்ல எங்க மச்சான். பாரிமுனைல பார்ட்ஸ் விக்கறான் இல்ல, இந்த சிப்பு யாரு வாங்கறாங்கன்னு விசாரிக்கச் சொன்னேன். உன் எதிர்ல எப்டிப் பேசறது? உன்னத்தான் விசாரிக்கறேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. கோபமா வருத்தமா தெரியவில்லை. நான் நம்ப விரும்பினேன். ஆனால் ஒரு வாரமாகப் பழகிய சந்தேகம் சட்டென்று இறங்கவில்லை. இதுவும் நடிப்பாக இருந்தால் என்று ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் நகர்ந்து இடம் விட்டும் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு அவர்தான் கேட்டார். "இந்த நிறுத்தம் ரொம்ப நீளமாக் கீதே. நீ அத்தக் குறைச்சிட்ட இல்ல?"

உண்மை. மழைக்காலம் முடிந்தபோது அந்த நிறுத்தத்தைப் பாதியாகக் குறைத்திருந்தேன். எங்கள் கார்டின் கோட்டையும் பக்கத்தில் வரவழைத்துப் பார்த்தோம். வந்த கார்டில் ஓடியது பழைய புரோகிராம். பழையதை நான் என் கணினியிலிருந்து அழித்திருந்தேன், தம்பியின் கணினியிலும் புதியதுதான் இருந்தது. பழையது இன்னும் இருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. ஒரு டெண்டருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கி, முதலாளி தன் கணினியில் வைத்திருந்தார்.

"எந்தப் பலகை எதுக்குன்னு மொதலாளிதான் சொன்னாருன்னு அன்னிக்கே சொன்னேன். நீ நம்பல" என்றார் தம்பி.

இருவரும் இறங்கி முதலாளி அறைக்குப் போனோம். விசிறிக்கடியில் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்திருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. கேரியரை மெல்ல மூடினார்.

"என் கம்பெனியில, என் சம்பளத்துல எழுதுனது. நான் யாருக்கும் குடுக்கலாம்மா. அதுல தப்பு ஒண்ணும் கிடையாது."

"அப்ப எதுக்குங்க சோதனை, போட்டின்னு எங்கள மாடியில நிக்க வச்சீங்க?"

"நீங்களே அந்தக் கார்டு தேவலன்னு சொல்லிட்டா எனக்கு மனசு உறுத்தாதுல்லா" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "நீங்க ரெண்டு பேரும் தனியாக் கடை போடப் போறீங்கன்னு எனக்குத் தெரியாதா? கடல் ஓரத்துல பாறைக்கிட்ட ஒரு ஆளோட நின்னு பலகையக் காட்டிப் பேசிட்டு இருந்தீங்களே, நான் கார்ல போம்போது என் கண்ணால பார்த்தேன். நீங்க போயிட்டா நான் என்ன செய்ய? பட்டறைய மூடிட்டு ஊருக்குப் போவவா? அதான் முந்திக்கிட்டு, வெளியில செஞ்சு வாங்கலாம்னு புரோகிராமக் குடுத்தேன். அந்த ஆள ஒரு ஞாயித்துக்கிழமை வரச் சொல்லி, என்கிட்ட இருக்க இன்னொரு சாவியப் போட்டு மாடியெல்லாம் காட்டுனேன்."

தம்பி என்னைப் பார்த்தார். எனக்கு நினைவு வந்தது. உப்புத் தண்ணீர் தெறித்தால் பலகை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, ஒரு படகுக்காரரோடு எண்ணூர் சாலையோரப் பாறைகளில் நின்றிருந்தோம். அந்தப் படகுக்காரர் இந்தப் பட்டறையின் வாடிக்கையாளர்தான்.

"மொதலாளி, அது நம்ம கஸ்டமரு" என்றார் தம்பி. "பில்லு போட்டுக் குட்த்ததே நீங்கதான்."

முதலாளி கேரியரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்களை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சோதனை முடிவை நான் உள்ளபடியே சொல்லிவிட்டேன். வெயிலில் இரண்டும் சமம், மேகத்திலும் ஏறக்குறைய சமம், நிழல் விழுகிற மாடியில் வந்த கார்டுதான் மேல். என் புரோகிராமைத் திருடி வைத்தார்கள் என்பதற்காக அவர்கள் சேர்த்த நல்லதை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலாளி அந்தக் கார்டையே வாங்கினார். எங்களை இருக்கத்தான் சொன்னார், மாட்டிக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும் என்றார். தம்பி அந்த வாரமே நின்றுவிட்டார். நான் இன்னும் கொஞ்ச நாள் போய்க்கொண்டிருந்தேன். தினமும் அந்த அறையைக் கடக்கும்போது உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று காது தானாகவே நீண்டது. அப்படி ஒரு பிழைப்பு எனக்கு ஒத்துவரவில்லை.

அதுவரை தனிக்கடை என்ற எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை. முதலாளிதான் அதை எங்கள் தலையில் போட்டார். தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன அறை கிடைத்தது. புதிய கார்டில் சரிவுக் கணக்கும் வைத்தோம், கோடிக்குக் கோடி ஓட்டிப் பார்ப்பதையும் வைத்தோம். ஆனால் சும்மா சும்மா ஓட்டுவதில்லை. மேகம் வந்தால் பவர் இறங்கி, திரும்பவும் ஏறிவிடும். இறங்கியது இறங்கியபடியே கிடந்தால் மட்டும் கார்டு, நாம் நிற்பது சரியான உச்சிதானா என்று ஒருமுறை தேடிப் பார்க்கும். நிறுத்தம் எத்தனை அடிக்கு ஒருமுறை என்பதில் தம்பியும் நானும் இன்னும் சண்டை போடுகிறோம்.

முதல் சில மாதங்கள் அவர் ஒயரிங்கை நானும், என் புரோகிராமை அவரும் சொல்லாமல் சரிபார்த்துக்கொண்டோம். ஒருநாள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கையும் களவுமாகப் பிடித்தோம். "வுடுக்கா, டீ சாப்புடலாம்" என்றார்.

போன மழைக்கு முன்னால் பழைய முதலாளி போன் செய்தார். வெளியிலிருந்து கார்டு வருவது நின்றுவிட்டதாம், அந்த விற்பனைக்காரர் போனை எடுப்பதில்லையாம். கையில் ஆர்டர் இருக்கிறது, எங்கள் கார்டு கிடைக்குமா என்று கேட்டார். தம்பி வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு அவரே உட்கார்ந்து சாலிடர் வைத்தார். நான் புரோகிராமை ஏற்றி, யாரும் படித்து எடுக்க முடியாதபடி ஒவ்வொரு சிப்பையும் பூட்டினேன்.

முதலாளி தானே வந்து வாங்கிக்கொண்டார். கொஞ்சம் மெலிந்திருந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார். அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிப்பப் பூட்டிட்டீங்களோ?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

"சரிதான்" என்று சொல்லி, கார்டைப் பெட்டிக்குள் வைத்து, மேலே கயிறு கட்டத் தொடங்கினார்.